ஆகாசத்துக்கு வந்த விக்கல்

பிப்ரவரி 9

என் வாலுக்கு,

அன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று நழுவக் கூடாது. சோபாவில் உன் மாமா. பக்கத்தில் உன் அத்தை, கையில் போன். தரையில் சுவரோடு சாய்ந்து அவர்கள் பிள்ளை துரை. அவனை ஒட்டி அவனுடைய கூட்டாளி, கண்ணாடி போட்டவன், ஈரக் குடையை வாசலில் வைக்காமல் கூடத்துக்கே கொண்டுவந்தவன். மாடி வீட்டு டீச்சரம்மா. அடுக்களை வாசற்படியில் உன் அம்மா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்.

கோளரங்கத்துப் போட்டியில் துரை எடுத்த படத்துக்கு முதலிடமாம். அங்கே படம் எடுக்கிறவர்களோடு ஒரு வருஷம் வேலை பழகச் சேர்த்துக்கொள்வார்களாம், சம்பளத்தோடு. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் படத்தைப் போட்டார்கள்.

மணல் மேடு வந்தது. அதன் முதுகில் நிழல் ஊர்ந்து ஊர்ந்து ஏறி இறங்கியது. ஒரு பகல் முழுக்க நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் போய்விட்டது. பிறகு இருட்டு. நட்சத்திரம் அத்தனையும் மாவு ஆட்டுகிற மாதிரி ஒரே புள்ளியைச் சுற்றின. சத்தமே கிடையாதாம், என் காதுக்கென்றே எடுத்த படம்.

பாதியில் ஆகாசம் மொத்தமும் ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி ஓடியது. கண்ணாடிக்காரன் ஏதோ கேட்டான். துரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். டீச்சரம்மா என் காதில் கத்தினாள்: "வேணும்னே அப்படிப் பண்ணிருக்கானாம், பாட்டி! ஸ்டைலாம்!"

வேண்டுமென்றே பண்ணினானாம். டிசம்பரில் நீ எழுதியது எனக்கு வரி பிசகாமல் இருக்கிறது: "காற்றில் ஆடாமல் இருக்க, கேமரா முக்காலியின் வயிற்றில் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் தாகம். அதையே அவிழ்த்துக் குடித்துவிட்டேன். கனம் போனதும் முக்காலி அசைந்துவிட்டது. எல்லோரும் விக்கலுக்குத் தண்ணீர் குடிப்பார்கள். நான் தண்ணீர் குடித்ததில் ஆகாசத்துக்கு விக்கல் வந்துவிட்டது, பாட்டி."

"டேய், இது வாலு எடுத்த படம்டா" என்றேன். நான் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும், உனக்குத் தெரியும். உன் மாமா ரிமோட்டைப் பார்த்தான். அத்தை போனைப் பார்த்தாள். உன் அம்மா உள்ளே போய்விட்டாள். அதற்குள் திரையில் எழுத்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான், இருந்தாலும் படித்துவிட்டேன். "படப்பிடிப்பு, தொகுப்பு, எல்லாம்" என்று போட்டு, கீழே அவன் பெயர்.

எல்லாமாம். உன் பெயர் எங்கே?

போனில் கூப்பிடாதே, எனக்கு எறும்பு ஊர்கிற சத்தம்தான் கேட்கிறது. எழுது. இருமல் விட்டதா? என் முழங்கால் என்னோடு பேசுவதில்லை. மற்றபடி சுகம்.

உன் பாட்டி

பிப்ரவரி 24

அன்புள்ள பாட்டிக்கு,

இருமல் போய்விட்டது. நீங்களும் முழங்காலும் இதற்குள் சமாதானமாகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் இங்கே புழுதிக் காற்று. சூரிய மின்தகடு அத்தனையும் மண் மூடிவிட்டது. என் கீழே கழுவுகிற ஆட்கள் ஒரு வரிசையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் பின்னால் பழையபடி மண். மேஸ்திரி சொல்கிறார்: "மேடம், பேசாம ஆகாசத்தைக் கழுவிடலாம். தகடு தானா சுத்தமாயிடும்." தண்ணீர் லாரி வந்தால்தான் தபாலும் வரும் என்பதால் உங்கள் கடிதம் தாமதமாகத்தான் கிடைத்தது.

நிழல் ஊர்ந்தது பிடித்ததா? பெரிய டிவியில் எப்படி இருந்தது? நட்சத்திரம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததா, கலங்கலாகவா? நான் இன்னும் முழுப் படத்தையும் பார்க்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிய படங்களைக் கோர்த்து ஓடவைத்தது துரைதான், பாட்டி. இங்கே அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் பத்துப் படம் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். அவன் உட்கார்ந்து கோர்த்திருக்காவிட்டால் அது வெறும் குவியல். பெயர் விஷயத்தை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே தலைவலி.

வாலு

மார்ச் 4

என் வாலுக்கு,

சுகம். உன் சுகத்தை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதையும் ஒழுங்காக எழுத மாட்டேன் என்கிறாய். பக்கம் பக்கமாகப் புழுதி. நான் கேட்டதற்கான பதில் அதற்குள் எங்கேயோ புதைந்துவிட்டது.

கோர்த்தவன் கோர்த்தேன் என்று போட்டுக்கொள்ளட்டும். பூக்கட்டினவன் தோட்டமே என்னுது என்கிறானே, அதுதான் என் கேள்வி. குளிரில் பேட்டரி செத்துப்போகிறது என்று அதைச் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தது யார்? நட்சத்திரம் கலங்காமல் இருக்க லென்சைத் திருகி வைத்து, அது நகராமல் கறுப்பு டேப் ஒட்டியது யார்? ஸ்டோர் கீப்பரிடம் கேமரா இரவல் வாங்க, அவர் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? எல்லாம் நீ எழுதியதுதான். கடிதத்தை எடுத்துப் பார்த்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. உள்ளேயே இருக்கிறது.

துரையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டேய், இந்த மணல் எந்தப் பக்கம் இருக்கு? பஸ் போகுமா?"

"பாட்டி, அது கம்ப்யூட்டர் சமாசாரம். உனக்குப் புரியாது."

"மணல் கம்ப்யூட்டர்லயாடா இருக்கு?"

பனியனைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டான். பனியன் உடம்பில்தான் இருந்தது.

அம்மாவிடம் கேட்காதே என்றாய், அதனால் அவளிடமும் கேட்டேன். காது போனதிலிருந்து நான் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறேன், அது அவளுக்குத் தெரியும். பாத்திரத்தைத் துலக்குகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னாள். தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"சும்மா இரேம்மா. உங்க மாப்பிள்ளை போனப்புறம் அண்ணன் வீட்டுலதானே கிடக்கோம். அந்தப் பையன் எந்த வேலையிலயும் ஒட்டாம வீட்டோட இருக்கான். அண்ணி தினம் தினம் மூக்கைச் சிந்தறா. இதாவது அவனுக்கு ஒட்டட்டும். வாலுக்குத்தான் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கே."

ஏற்கெனவே ஒரு வேலை. மண் கழுவுகிற வேலை. கோளரங்கத்தில் சேர்ந்தால் மல்லாந்து படுத்து ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நீ எழுதிச் சிரித்தாய். எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. அந்த வேலைக்காகத்தான் அத்தனை குளிரில் உட்கார்ந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் அவன் சேர வேண்டும். அதற்குள் சொல். நீ கொடுத்தாயா, அவன் எடுத்தானா? ஒரே வார்த்தை போதும்.

உன் பாட்டி

மார்ச் 30

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷமும் போட்டி வரும். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கேமராவை ஸ்டோர் கீப்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாலு

ஏப்ரல் 12

வாலு,

முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், பரவாயில்லை. ஏனென்றால் அதை வைத்துக்கொண்டுதான் கோளரங்கத்துப் படி அத்தனையும் ஏறினேன்.

"என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாயே, கொடுத்தவள் அப்படி எழுத மாட்டாள். அதைப் படித்த மறுநாள் கிளம்பிவிட்டேன். வீட்டில் கண் ஆஸ்பத்திரி என்று சொன்னேன்.

அதிகாரி நல்ல மனுஷர். தலையில் முடி இல்லை, பேச்சில் மரியாதை இருந்தது. நான் சொன்னதை நிறுத்தாமல் கேட்டார். தண்ணீர் கேன், டேப், வயிற்றோடு கட்டின பேட்டரி, எல்லாம் சொன்னேன். உன் கடிதங்களைக் கொண்டுபோகவில்லை, உள்ளேயே இருப்பதற்குக் காகிதம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் வாயைத் திறந்து திறந்து பேசினார்.

"அம்மா, நீங்க சொல்றது நிஜம்னா பெரிய தப்பு நடந்திருக்கு. ஆனா எனக்கு உங்க பேத்தி வாயால ஒரு வார்த்தை வேணும். அது போதும்."

"இப்பவே கேளுங்க" என்றேன். உன் அலுவலக நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் போட்டார். நீ வந்தாய்.

நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் மேலே போனது. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளைப் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது அப்படி இல்லை. அப்புறம் சின்னக் குழந்தையோடு பேசுகிற மாதிரி பேசினார். "தண்ணி குடிங்க பாட்டிம்மா. தனியாவா வந்தீங்க? வீட்டு அட்ரஸ் தெரியுமா?" ஒரு ஆளைக் கூட அனுப்பி, ஆட்டோவில் ஏற்றி, கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆள் உன் அம்மாவிடம் தனியாக ஏதோ சொன்னான். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

அவரிடம் என்ன சொன்னாய்?

பாட்டி

மே 20

அன்புள்ள பாட்டிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? வேலை மிகுதியால் உடனே எழுத முடியவில்லை. இங்கே பகலில் தகட்டைத் தொட்டால் கை பொத்துவிடும். அதனால் விடியும் முன்பே கழுவி முடித்துவிடுகிறோம்.

வெயிலில் வெளியே போகாதீர்கள். மருந்தை அம்மா கொடுக்கும்போது சாப்பிட்டுவிடுங்கள், நீங்களாக எடுக்க வேண்டாம். நடந்ததையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானால் ஒன்றிரண்டு மாறிப்போவது எல்லோருக்கும் உள்ளதுதானே.

சால்வை ஒன்று லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீல நிறம்.

நான் இப்போது இரவில் வெளியே போய் உட்காருவதில்லை. கொசு.

வாலு

ஜூன் 15

வாலு,

நீ இருப்பது பாலைவனம். கொசு எங்கிருந்து வந்தது?

இங்கே நடப்பதை எழுதுகிறேன். என் மருந்துப் பெட்டியை உன் அத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் அடுக்களைக்குள் போனால் பின்னாலேயே ஒருத்தர் வந்து அடுப்பைப் பார்க்கிறார்கள். மாடி வீட்டு டீச்சரம்மா என் முகத்துக்கு நேரே குனிந்து, "பாட்டி, நான் யாருன்னு தெரியுதா?" என்றாள்.

"தெரியுமே. போன வருஷம் எங்க வீட்டு இட்லி... இல்லை, எங்க வீட்டு ஏணியை வாங்கிட்டுப் போய் ஒரு படியை உடைச்சுத் திருப்பிக் கொடுத்தவதானே" என்றேன். அவள் உன் அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நடுவில் ஒரு வார்த்தை தடுக்கினேனே, அதுதான் அவளுக்குப் போதுமாக இருந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். சொன்னேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" சொன்னேன். போன முறை அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னேன். சிரித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏன் எனக்கு இந்த உபசாரம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் வந்தால் எல்லோர் வாயும் நின்றுவிடும்.

துரை போன வாரம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். கோளரங்கத்து ஆட்கள் அவனை ஊருக்கு வெளியே கூட்டிப்போய்க் கேமராவைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். முக்காலியின் காலை விரிக்கத் தெரியாமல் நின்றிருக்கிறான். அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டானாம். உன்னைக் கேட்காமல் தன் பெயரைப் போட்டு அனுப்பியதையும்.

வந்து என் காலடியில் உட்கார்ந்தான். எனக்கு அழுகை பிடிக்காது, எழுந்திரு என்றேன். எழுந்திருக்கவில்லை. "அன்னைக்கு அவ போன்ல என்னடா சொன்னா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தால் எனக்கு வாய் தெரியாதே. மோவாயைப் பிடித்துத் தூக்கினேன். அப்புறம் போனை எடுத்து, அதிகாரி தன்னிடம் சொன்னதைப் பெரிய பெரிய எழுத்தாகத் தட்டி என் முன்னால் நீட்டினான்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "படம் துரை எடுத்ததுதான். பாட்டிக்குக் கொஞ்ச நாளாவே ஞாபகம் சரியில்ல. தப்பா நினைச்சுக்காதீங்க சார்."

ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவளுக்கு ஒரு கஷ்டம். வார்த்தை முடிவதற்குள் நிறுத்திக்கொள்ள முடியாது.

ஜூலை 10

பாட்டிக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். துரை கேட்காமல் அனுப்பிவிட்டான் என்று தெரிந்த அன்றைக்கு நான் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். அதற்கப்புறம் அம்மா தினமும் போன் செய்தாள். "நீ வாயைத் திறந்தா எனக்கும் பாட்டிக்கும் இந்த வீட்டுல இடம் இல்ல" என்று அழுதாள். அதிகாரி கூப்பிட்டபோது சுற்றிலும் கழுவுகிற ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதாக அவர் சொன்னார். தண்ணீர் கேன் வரைக்கும் உங்களிடமிருந்து கேட்டுவிட்டாராம். படம் துரையுடையது என்று மட்டும் சொன்னால் நம்பியிருக்க மாட்டார். அவரை நம்பவைக்க எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

இப்போது அவர் எனக்கு எழுதியிருக்கிறார். இடம் காலியாக இருக்கிறதாம். "உன் வார்த்தையை இனிமேல் நான் எடுத்துக்கொள்ள முடியாது. அன்று உண்மை சொல்ல வந்தவரை நான் குழந்தை மாதிரி நடத்தி அனுப்பினேன். அவர் வந்து உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிடுவேன்" என்கிறார். இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம்.

உங்களைப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன். இந்த ஒரு வேலையைத் தவிர நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. என்னை மன்னித்துவிடுங்கள், பாட்டி.

வாலு

ஆகஸ்ட் 2

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு நன்றாக இருக்கிறது.

ஞாபகம் இல்லாத கிழவியை எதற்குச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய் என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசகம்கூடத் தயாராக வைத்திருந்தேன். மாதக் கடைசி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் காலையில் துரையை எழுப்பி, "வண்டியை எடுடா" என்றேன்.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "அம்மா, அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிக்கணும்" என்றார்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது. சொன்னதை நம்பினீங்க. உங்க மேல வருத்தம் இல்ல" என்றேன்.

"சேத்துக்கலாமா?"

"சேத்துக்குங்க."

"மறுபடி பொய் சொன்னா?"

"சொல்வா. நல்லாவே சொல்வா. ஆனா கேமரா பக்கத்துல உட்காரச் சொன்னா விடிய விடிய உட்காருவா. சேத்துக்குங்க."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதோடு அது உனக்கு வந்திருக்கும். போய்ச் சேர். சொன்ன நேரத்துக்குப் போ, அங்கே யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்காதே.

உன் மன்னிப்புக் கடிதத்துக்கு இப்போது பதில். என் ஞாபகத்தில் குறையில்லை என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தும் நேற்று உன் அத்தை கடைக்குப் போகும்போது கேஸைப் பூட்டிவிட்டுத்தான் போனாள். மருந்துப் பெட்டி இன்னும் அலமாரிக்குள்தான். நான் பழைய விஷயம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் உன் மாமா, "சரி சரி, அப்படியே இருக்கட்டும்மா" என்கிறான். போன் வைத்ததும் நீ அதை மறந்திருப்பாய். நீ சொன்ன வார்த்தை இந்த வீட்டில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

துரை எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டான், அவனை விட்டுவிட்டேன். உன் மாமாவும் அத்தையும் பெற்ற பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டார்கள், அவர்களையும் விட்டுவிட்டேன். உன் அம்மா பயந்தவள். பயத்தை எனக்குத் தெரியாமல் மறைக்க முதுகைக் காட்டினாள். நான் பெற்ற முதுகுதானே.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம். காதும் போய்விட்டது. வீடு மகனுடையது, சாப்பாடு மருமகள் போடுவது. எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, நடந்ததை நடந்தபடி சொல்வேன் என்பது. அது என்னிடம் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். முழுக்கத் தெரிந்தவள் நீ. விக்கலிலிருந்து டேப் வரைக்கும் பத்திரமாக இருக்கும் என்றுதானே எனக்கு எழுதி எழுதிப் போட்டாய்? உனக்கு நம்பவைக்க ஏதாவது தேவைப்பட்டபோது அதில்தான் கையை வைத்தாய்.

விடுமுறைக்கு வா. சாப்பாடு போடுவேன். புதிதாகப் படம் எடுத்தால் கொண்டு வா, டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டுப் பார்ப்பேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். அதற்கு மேல் கேட்காதே. இந்தக் குடும்பத்தில் நான் மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது ஒரே ஒரு ஆளைத்தான்.

உன்னை, வாலு.